மேட்டுச் சாலையில் ரஞ்சிதத்தின் கேள்விகள்

இரண்டு கைகளாலும் இரண்டு தொட்டில்களை ஆட்டிக்கொண்டே ரஞ்சிதம் சாலையைப் பார்த்துக் கத்துவாள். தேயிலைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பக்கத்துத் தோட்ட மருந்தகத்தில் நான் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். அவள் குரலுக்கு என் மருந்துப் புட்டிகள் அதிரும். தூங்கும் பிள்ளைகள் மட்டும் அசைய மாட்டார்கள்.

1978இல் மாநில ஓட்டக்காரர்கள் எங்கள் மலைக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவர்கள் கொட்டகையைத் தாண்டித்தான் மேடேற வேண்டும். ரஞ்சிதம் ஆளுக்கொரு கேள்வி வீசுவாள். மூச்சு வாங்காமல் முழுப் பதில் சொன்னவன் நல்ல நிலையில் இருக்கிறான். "ம்" என்றவன் தேறவில்லை. அவள் கணக்கு தப்பியதும் உண்டு. வாயாடி ஆண்டியப்பனைப் புகழ்ந்தாள். அடுத்த பந்தயத்தில் அவன் கடைசியாக வந்தான். ஆனாலும் அவள் தீர்ப்பைக் கேட்கப் பயிற்சியாளர் ராதாகிருஷ்ணன் கொட்டகை வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்.

தேசியப் போட்டிக்கு இருந்தது ஒரே இடம். நல்லுசாமியா, சிவசாமியா என்று மறுநாள் முடிவாகும். சிவசாமி ரஞ்சிதத்தின் அக்காள் மகன். கடும் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தான். நாடி பார்த்து, ஓடாதே என்றேன். நேராக அவளிடம் போனான்.

"சின்னம்மா, நாளைக்கு என்னா கேப்பீங்க?"

"உங்கம்மா எப்படி இருக்குன்னு கேப்பேன். போடா."

காலையில் நல்லுசாமி முதலில் வந்தான்.

"என்னடா தின்னே?"

"நீங்க குடுத்த தோசதான்லா! கல்லு மாதிரி இருந்திச்சு!" என்று கத்தியபடி மேடேறிப் போனான்.

சிவசாமி வளைவுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டதைக் கொழுந்து பறித்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வந்தான்.

"சட்டைய ஏன்டா திருப்பிப் போட்டிருக்கே?"

"எங்கம்மா ரொம்ப நல்லா இருக்குது சின்னம்மா, நேத்துகூட கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துல கோசு வெட்டுச்சு, உங்கள விசாரிச்சுச்சு!"

ஒப்பித்து முடித்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"இவன் ஆவாதுலா, கோச். அவனயே கூட்டிட்டுப் போங்க."

"உங்க அக்கா மகனாச்சே?"

"அதான் சொல்றேன். இவன் வழியில விழுந்தா எங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

சிவசாமி அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. "நல்லது, மூச்சு மிச்சம்" என்றாள்.

அடுத்த நாள் காலை, காய்கறி லோரியை நிறுத்தி அவனை முன்னால் ஏற்றினாள். மடியில் மிளகு ரசத் தூக்கை வைத்தாள். டிரைவரிடம், "அவங்கம்மா வீட்டு வாசல்ல எறக்குங்க. நடுவுல எறங்கி ஓடப் பாப்பான், விடாதீங்க" என்றாள்.