கணக்கு மிஷினும் பன்னிரண்டு தேங்காயும்

1952-ஆம் வருஷம், ஆனி மாதச் சாரலில் நனைந்தபடி அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அஞ்சுகிராமத்தில் ஒரு கருப்பட்டிக் கடையில் மூட்டை தூக்கும் வேலை பார்த்து வந்தேன். முதலாளியின் மச்சான் என்னை அடித்தார். நானும் அவரை அடித்தேன். அத்தோடு அந்த வேலை முடிந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடைசியாகச் சாப்பிட்டது முந்தின நாள் மத்தியானம். அப்போதெல்லாம் அதை நான் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை.

சுசீந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் கெட்டு நின்றது. பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட ஒருவர், ஒரு மரப்பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். பெட்டியில் ஒரு சொட்டு படவில்லை.

"ஏம்ப்பா, இதைத் தூக்குவியா?" என்றார்.

தூக்கினேன். கல்லுரல் மாதிரி கனத்தது. உள்ளே இருந்தது கணக்குக் கூட்டும் மிஷின். எண்களை அழுத்திக் கைப்பிடியை இழுத்தால் கடகடவென்று சத்தம் போட்டுக் காகிதத்தில் எண்ணை அடிக்கும். கடைசியில் மணி அடித்து மொத்தத்தைச் சொல்லும். அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டி விற்பதற்குத்தான் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி இவரை அனுப்பியிருந்தது. பெட்டி தூக்கி வந்த ஆள் திருநெல்வேலியிலேயே ஓடிவிட்டானாம். ஏன் ஓடினான் என்பது ஒரு மைல் நடந்ததும் எனக்குப் புரிந்தது.

ஆனால் தூக்குவது மட்டும் என் வேலை அல்ல. அன்று சாயங்காலம் வயிறு நிறையச் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். கடைக்குள் போனதும் விலையைப் பற்றி மூச்சே விடக் கூடாது. முதலில் முதலாளியின் கடையைப் புகழ வேண்டும். பிறகு, "கணக்கில் தப்பு வந்து எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறீர்கள்?" என்று இரக்கமாகக் கேட்க வேண்டும். அவர் பெருமூச்சு விடும் நேரம் பார்த்து மிஷினை மூடிய சிவப்பு வெல்வெட் துணியை உருவ வேண்டும். அதற்குப் பிறகு வருவது நான்.

"இவன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். கைநாட்டு. இவனே எப்படிக் கூட்டுகிறான் பாருங்கள்!" என்பார்.

உடனே நான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வர வேண்டும். "முழிக்கணும்ப்பா. ஆனா ரொம்ப முழிச்சிடாதே, பைத்தியம்னு நினைச்சுடுவாங்க" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். முழிப்பதற்காக எனக்குக் கூலி கொடுத்த ஒரே முதலாளி அவர்.

எட்டு நாள் நாகர்கோவில் கோட்டாற்றுக் கடைகளில் முழித்தேன். கூட்டம் சேர்ந்ததே தவிர மிஷின் விற்கவில்லை. மிளகாய் வியாபாரி ஒருவர், "இது நிறுக்குமா?" என்று கேட்டார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டார். "சாரே, வரிக்காரனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் இது தனித்தனியாட்டு வச்சுக்கிடுமா?" என்றார் தணிந்த குரலில். மிஷின் ஒரே கணக்குத்தான் சொல்லும் என்றதும், "அப்ப இது நமக்கு ஆகாது, கேட்டீரா" என்று எழுந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் குளச்சல் போனோம். அங்கே பெரிய தேங்காய்ப் பண்டகசாலை ஒன்று இருந்தது. முதலாளி வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு, பேச்சு நிறையக் கிண்டல் பண்ணும் மனிதர். வெல்வெட் துணி விலகி, மணி அடித்ததும் அவருக்குச் சிறுபிள்ளைபோலச் சந்தோஷம் வந்துவிட்டது.

"ஓய் கணக்கப்பிள்ளே, இஞ்ச வாரும். இதுகூடப் போட்டி போடும். மிஷினு ஜெயிச்சா நான் ரெண்டு வாங்குதேன். நீரு நாளையிலேருந்து வீட்டுல கெடந்து ஒறங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு ஐம்பது வயதிருக்கும். அவரும் சிரித்தார், ஆனால் பேனா மூடியைத் திறக்க அவருக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. முதலாளி விளையாடவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு மிஷின் விற்றால் எனக்கு ஒரு மாதத்துக்குச் சோற்றுக் கவலை இல்லை என்று மெட்ராஸ்காரர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

காலையில் ஒன்பது தோப்புகளிலிருந்து காய் வந்திருந்தது. ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு சீட்டு. ஒருவர் சீட்டைப் படிக்க, அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளையும் இந்தப் பக்கம் நானும் கூட்ட வேண்டும்.

முதல் சீட்டைக் கேட்டதுமே எனக்கு ஒன்று உறைத்தது. நான் முன்பு இரணியல் பக்கம் இரண்டு மாதம் காய் எண்ணியவன். அந்தப் பக்கத்திலெல்லாம் அழுகலுக்கும் உடைசலுக்கும் என்று நூறு காய்க்கு நாலு காயைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். அதைச் சீட்டில் யாரும் எழுத மாட்டார்கள். கணக்கப்பிள்ளை மனதிலேயே கழிப்பார். மிஷினுக்கு அந்தப் பழக்கம் எங்கே தெரியும்? சீட்டில் உள்ளதை அப்படியே அடித்தால் நாங்கள் தோற்றோம்.

எனக்கும் ஜெயிக்கும் வெறி வந்துவிட்டது. கைநாட்டு முழியை முழித்தபடியே, ஒவ்வொரு சீட்டிலும் நூற்றுக்கு நாலு மனதுக்குள் கழித்து, மீதியை மிஷினில் அடித்தேன். மணி அடித்தது. கணக்கப்பிள்ளை இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். மெட்ராஸ்காரர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

கணக்கப்பிள்ளையும் முடித்தார். எங்களுடைய மொத்தத்தில் பன்னிரண்டு காய் குறைவு.

"மிஷின் தப்பே பண்ணாது, சார். உங்க ஆளோட கணக்கை ஒருவாட்டி சரிபார்க்கச் சொல்லுங்க" என்றார் மெட்ராஸ்காரர்.

கணக்கப்பிள்ளை காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஷினு சரியாட்டுதான் கூட்டியிருக்கு, முதலாளி. தப்பு பண்ணினது இவன். கழிவை மனசுல கழிச்சுல்லா அடிச்சிருக்கான்! வாய் முணுமுணுக்கத நான் அப்பமே பாத்தேன். மாதா கோயில் தோப்புக் காய் முந்நூறு. அதுல நாம கழிவு எடுக்கப்பிடாதுன்னு இவனுக்குத் தெரியாது. அந்தப் பன்னெண்டுதான் இது."

மேஜைக்கு அடியில் மெட்ராஸ்காரர் என் காலை ஓங்கி மிதித்தார். பிறகு முதலாளி வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

"ஏலே கைநாட்டு! மனக்கணக்குப் போடுத கைநாட்டை இன்னைக்குத்தாம்லே பாக்கேன். அப்போ மிஷினுக்குள்ள இருந்தது நீயா? சாரே, மிஷினைக் கொண்டுபோங்க. இவனைக் குடுங்க. எனக்குச் சின்ன வயசுக் கணக்கப்பிள்ளையாட்டு ஆச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகக் கணக்குப் போட்டுக் காட்டியும் அவருடைய நாற்காலி போகப்போகிறது, அதுவும் என்னால்.

"எனக்கு இந்தத் தோப்பு வழக்கம் ஒண்ணும் தெரியாது, முதலாளி. நான் உக்காந்தா மாதா கோயிலுக்குத் தெனம் பன்னெண்டு காய் குறையும்" என்றேன். அந்த ஒன்பது நாளில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

முதலாளி கொஞ்ச நேரம் மென்றார். "அதுவும் சரிதான். மாதா கோயில்காரங்க வந்து எனக்க கழுத்தப் பிடிப்பாங்க. நீரு இரியும், ஓய்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெட்ராஸ்காரர் பஸ் ஏறும்வரை பெட்டியைச் சுமந்தேன். அவர் நல்ல மனிதர், கூலியைக் குறைக்கவில்லை. "உனக்குக் கணக்குத் தெரியும்னு முதல்லயே சொல்லியிருந்தா உன்னை வச்சிருக்கவே மாட்டேன்" என்று மட்டும் வருத்தப்பட்டார்.

அன்று கடற்கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு அடியில் படுத்தேன். மறுநாள் விடிந்ததும் டீக்கடையில் கணக்கப்பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"மக்கா, உனக்குக் கணக்கு தெரியும், ஊரு தெரியல்ல. தோப்புல காய் எண்ண ஒரு ஆளு வேணும். வாறியா?"

"வாறேன் அண்ணாச்சி" என்றேன். அன்று காலையே சட்டையைப் போட்டுக்கொண்டு மாதா கோயில் தோப்பில் காய் எண்ணத் தொடங்கினேன். என்னுடைய முதல் சீட்டில் கழிவு கிடையாது. இன்றைக்கும் யாராவது ஒரு புதுச் சாமானைக் காட்டி, 'விஷயம் தெரிந்த ஆளே இதற்குத் தேவையில்லை' என்று பெருமையாகச் சொன்னால், பேனா மூடியைத் திறக்க முடியாமல் அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.