டோரீனுக்குத் தெரிந்த கழித்தல்

எங்கள் அயோவா தேர்வு அலுவலகத்தில் ஆர்லீனைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. விடைகளை வைத்து, ஒருவருக்கு எந்தத் திறன் இருக்கிறது, எது இல்லை என்று கண்டுசொல்லும் புள்ளியியல் மாதிரிகளைக் கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. மாதிரியோடு ஒட்டாத விடைத்தாள் வந்தால் நாங்களெல்லாம் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் மட்டும் எழுதின ஆளையே கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பாள்.

அப்படித்தான் டோரீன் வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி. செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர ஏற்கெனவே எங்கள் தேர்வை எழுதித் தோற்றவள். இந்த முறையும் பின்னக் கழித்தல் தெரியாது என்றே மாதிரி சொன்னது. சுலபமான கணக்கெல்லாம் தப்பு, கடினமானது சரி. ஆகவே குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறாள் என்பது அதன் முடிவு.

"நாலரையில ஒண்ணேமுக்கால் போனா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"ரெண்டேமுக்கால்."

"எப்படிப் போட்டீங்க?"

"ஒண்ணேமுக்கால் கப் மாவு இருக்கு. கால் கப் போட்டா ரெண்டு. இன்னும் ரெண்டரை போட்டா நாலரை. போட்டதைக் கூட்டிக்கிட்டேன்."

"சரி, ஏழுல ஆறு பங்கு இருக்கு. அதுல நாலு பங்கு போனா?"

டோரீன் முகம் சிவந்துவிட்டது. "ஏழுல ஒரு பங்குன்னு எங்க கிச்சன்ல கப்பே கிடையாதேம்மா!"

நான் சிரித்துவிட்டேன். ஆர்லீன் என்னை முறைத்தாள். "என்ன இளிப்பு? எல்லாரும் ஒரே வழியிலதான் கழிப்பாங்கன்னு நினைச்சு, எந்தக் கணக்குக்கு எந்தத் திறன் வேணும்னு மாதிரிக்கு அட்டவணை போட்டது யாரு? நீயும் நானும்தானே?"

ஒருத்திக்காக அட்டவணையை மாற்ற முடியாது என்றார் மேலதிகாரி. "இவளுக்கே இப்படின்னா இன்னும் எத்தனை பேருக்கோ!" என்று அவரோடு மல்லுக்கு நின்றாள் ஆர்லீன். கடைசியில் டோரீனின் வழியையும் அட்டவணையில் சேர்த்து, எல்லோருடைய விடைகளையும் மாதிரியில் மறுபடி ஓட்டினோம். டோரீனுக்குக் கழித்தல் நன்றாகத் தெரியும், சில பின்னங்கள் மட்டும் பழக வேண்டும் என்று வந்தது. படிப்பில் அவளுக்கு இடமும் கிடைத்தது.

டோரீன் நம்பவில்லை. "அப்போ எனக்கு வராதது இது ஒண்ணுதானா?"

"இது ஒண்ணுதான்."

"ஸ்கூல் படிச்ச நாள்லேர்ந்து என் மண்டையில எதுவுமே ஏறாதுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்று மேசையில் தலை சாய்த்து அழுதாள். ஆர்லீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.