ஆறாவது தகடு

விரல் நீளப் பித்தளைத் தகடு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கிறேன். யாருக்கும் கொடுப்பதற்காக அல்ல. கொடுக்காமல் வைத்திருக்கும் சுகத்துக்காக.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், வளைகுடாவில் புஜைரா துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் பெயர்த்தகடு பொறிப்பவனாக இருந்தேன். மேனேஜர் வெள்ளைக்காரர். முதல் உலகப் போரில் ஓடிய ஒரு நாசகாரிக் கப்பல் மேல் அவருக்குப் பித்து. அதன் வரலாற்றை ஏழு தகடுகளில் பொறித்துத் தேக்குப் பலகையில் அறைந்து, ஊரிலிருந்து வரும் தன் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றார். கட்டியது, கடலில் இறக்கியது, வடகடலில் காவல் காத்தது, சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது என்று வரிசையாக வெட்டினேன். ஆறாவது தகடுதான் அவருக்கு உயிர். தண்ணீரில் தத்தளித்த மூன்று மாலுமிகளுக்காக, எதிரியின் நீர்மூழ்கி திரிந்த இடத்துக்கே அந்தக் கப்பல் திரும்பிப் போனதாம். மூவரில் ஒருவர் அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா. ஏழாவது, பழைய இரும்புக்கு விற்ற கதை.

அந்த வாரம்தான் தம்பி போன் செய்தான். "அண்ணே, அப்பா ஒன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்காரு. ஒடனே பொறப்பட்டு வா." பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில் இருந்தது. போய்க் கேட்டேன். அவர் பலகையைக் காட்டினார். "முதல்ல இது. அப்புறம் லீவு. கலாஸ்." பேச்சு முடிந்தது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபுச் சொல். முடிக்க நான்கு நாள் ஆகும். மூன்றாம் நாளே அப்பா போய்விட்டார். மூன்று பேருக்காக ஒரு கப்பலே திரும்பியிருக்கிறது, எனக்காக ஓர் அலமாரி திறக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மிச்ச வேலையை முடித்தேன். மேனேஜரின் அப்பா வந்த அன்று பலகையைத் துணி போர்த்திக் கொண்டுபோய் வைத்தேன். துணியை விலக்கினால், ஐந்தாவது தகட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவே வெறும் மரம். கிழவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். "அது எங்கே?" என்று மேனேஜர் சீறினார். தகடு என் சட்டைப்பையில்தான் இருந்தது. தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "கப்பல் திரும்பல சார். லீவு கெடைக்கல." விசாவை ரத்து செய்தார். அந்த அலமாரி அன்றே திறந்தது.

ஆறு வருடம் கழித்து, யார்டில் என்னோடு வேலை பார்த்து ஒரே ரூமில் இருந்த ராமநாதபுரத்து நண்பன் புஜைராவிலிருந்து கூப்பிட்டான். "மாப்ள, மேனேஜரோட அப்பா முடியாமக் கெடக்காராம். அந்தத் தகட்டக் கேட்டு மேனேஜரே கெஞ்சுறாரு. அனுப்பிருடா, பாவம்."

கிழவர் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா மட்டும் என்ன செய்தார்?

"நாலு நாள் ஆகும்னு சொல்லு" என்றேன்.

மூன்றாம் நாள் நண்பன் மறுபடி கூப்பிட்டான். இனி அனுப்ப வேண்டாம் என்றான்.

இன்று காலையும் தேய்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று வந்தன. இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.