அயலவர் மூக்குக்குப் பயந்து

என் மனைவி திரேசாவின் எலும்பு தேய்ந்ததற்கு என் வெட்கமும் ஒரு காரணம்.

வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தபோது வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடிவந்தோம். சுற்றிலும் சைவ வீடுகள். திரேசா முதற்பிள்ளையைச் சுமந்திருந்தாள். பால் குடித்தால் வாந்தி எடுப்பாள்.

“அப்ப நெத்தலியை முள்ளோட சாப்பிடும், பிள்ளை. சுண்ணாம்புச் சத்து வேணும்” என்றார் டாக்டர். முகத்துவாரத்து மீனவர் மகளான அவளுக்கு அது கொண்டாட்டம்.

அவள் பொரித்ததை நான்தான் சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினேன். “இந்த நாத்தத்துக்கு அயலில என்ன கதைப்பினம்?”

“மருந்து எண்டு சொல்லுங்கோவன்” என்று சிரித்தாள். பிறகு அவள் நெத்தலி கேட்கவேயில்லை.

நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒருநாள் கிணற்றடியில் இலேசாகச் சறுக்கியதிலேயே இடுப்பெலும்பு முறிந்தது. நெடுங்காலச் சத்துக் குறைவும் காரணம் என்றார்கள்.

மறுநாளே புறக்கோட்டையில் நெத்தலி வாங்கி, நானே பொரித்துக் கொடுத்தேன்.

“இஞ்சருங்கோ, இப்ப எந்தப் பல்லால சப்புறது?” என்றாள்.

அன்றிலிருந்து அம்மியில் அரைத்து ஊட்டினேன். ஆனாலும் அவள் எழுந்து நடக்கவேயில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் கடைசி மகளுக்கு வாராவாரம் நெத்தலி பொரித்து அனுப்புகிறேன். யன்னல்களை எல்லாம் திறந்துவைத்துத்தான் பொரிக்கிறேன். அயலில் இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.