முதுகுப் பக்கம் தள்ளிய அச்சரக்கூடு

கொக்குவிலில், ரயில் பாதைக்கு அருகே உள்ள எக்ஸ்ரே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில், பள்ளிக்கூட விவாத அணிக்கு மூன்று ஆண்டுகள் தலைமை தாங்கியவள் நான் என்பதை எவரும் கேட்காமலே சொன்னேன். அதன் பலனாகக் கிடைத்தது வரவேற்பு மேசை. "நல்ல குரல், நீர் முன்னுக்கு இரும்" என்றார் சேர். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்து படம் எடுப்பவரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். அதே கிழமை சேர்ந்த அளவெட்டிப் பெண், நாளொன்றுக்குப் பத்து வசனம்கூடப் பேசாதவள். அவளிடமே புதிதாக வந்த உலர் லேசர் அச்சு இயந்திரத்தை அவர் ஒப்படைத்தார்.

அந்த இயந்திரத்தின் மீது எனக்கிருந்த ஆசையை இப்போதும் மறுக்கமாட்டேன். கணினி அனுப்பும் உருவத்தை லேசர் ஒளி பிலிமில் எழுதும்; உள்ளிருக்கும் சூடான உருளை அதைத் துலங்கச் செய்யும்; சற்று நேரத்தில் நீலச் சாயலோடு பிலிம் இளஞ்சூடாக வெளியே வரும். காலையில் முதல் வேலையாக, சாம்பல் நிறப் படிகள் கொண்ட சோதனைப் பிலிம் ஒன்றை அவள் வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அந்தக் கண்சுருக்கலைக்கூட நான் வெறுத்தேன். விரல் படாமல் இரு உள்ளங்கைகளுக்கிடையே பிலிமை அவள் ஏந்தும் விதத்தை, வீட்டில் கலண்டர் தாளை வைத்துப் பழகிப் பார்த்ததும் உண்டு.

இயந்திரப் பயிற்சிக்காக எங்களில் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பவேண்டியிருந்தது. போய்வருபவருக்கே அச்சறை நிரந்தரம். "வெள்ளிக்கிழமை சொல்லுறன்" என்றிருந்தார் சேர்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, இணுவிலிலிருந்து தோட்டம் செய்யும் ஐயா ஒருவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். அங்கி மாற்றுமுன், கழுத்தில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்டுக் கழற்றச் செய்வது என் கடமை. நான் வாய் திறக்குமுன் அவர் கேட்டார்:

"பிள்ளை, படம் கழுவ எவ்வளவு நேரம் செல்லும்?"

"கழுவுறதோ? எங்கடை மெசினிலை அந்தக் கதையே இல்லை ஐயா. இருட்டறை இல்லை, மருந்துத் தண்ணி இல்லை, காயவைக்கிற வேலை இல்லை!"

"அட, தேவாரம் மாதிரியெல்லோ சொல்லுறாய்."

'எங்கடை மெசின்' என்று சொன்னபோது என் தலை நிமிர்ந்தது. கேட்கவேண்டிய கேள்வி அந்த நிமிர்வில் மறந்துபோயிற்று.

படம் வந்தது. தோட்பட்டைகளுக்கு நடுவே, முதுகெலும்பின் மேல், விரற்கடை நீளத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. என் உள்ளம் துள்ளியது. முன்னர் ஒருமுறை இயந்திரத்தில் தூசி படிந்து படங்களில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது.

"சேர், ஒருக்கா வாங்கோ! மெசினுக்குள்ளை திரும்பவும் தூசி. காலமை துடைச்சிருந்தால் இப்பிடி வருமோ? ஒராளின்ரை கவனயீனத்துக்கு நோயாளி பலியாகிறதோ?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்குமளவுக்கு என் குரல் ஓங்கியிருந்தது.

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். முந்தைய நாள் எடுத்த யாரோ ஒருவரின் கைப் படத்தை மீண்டும் அச்சிட்டாள். அதில் ஒரு மாசும் இல்லை. ஐயாவின் படத்தை மீண்டும் அச்சிட்டாள். அதே இடத்தில் அதே வெள்ளை.

"தூசி எண்டால் ரெண்டிலையும் நிக்கவேணுமே" என்றாள். "இது மெசினிலை இல்லை, ஐயாவிலை இருக்கு. இஞ்சை பாரும், நுனியிலை சின்ன வளையம்."

அத்தனை கச்சிதமான மறுப்புரையை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

ஐயாவிடம் ஓடினேன். "கழுத்திலை என்ன கட்டியிருக்கிறியள்?"

"அச்சரக்கூடு பிள்ளை. மந்திரத் தகடு வைச்ச கூடு. நெஞ்சுப் படம்தானே, முன்னுக்குக் கிடந்தால் மறைக்கும் எண்டு முதுகுப் பக்கம் தள்ளிவிட்டன்."

படத்தைத் திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. அவர் நெடுநேரம் தயங்கிக் கறுப்பு நூலைக் கழற்றினார். "கண்ட இடத்திலை வைக்கக் கூடாது. நல்லாக் கதைக்கிற பிள்ளை, நீ பிடி" என்று அந்த வெள்ளிக்கூட்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆர் இதைக் கேக்காமல் உள்ளுக்கை விட்டது?" என்றார் சேர்.

நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் முந்திக்கொண்டாள். "திரையிலை வடிவாப் பாத்துப்போட்டு நான் அனுப்பியிருக்கவேணும் சேர்."

அந்த வசனம் என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். இயந்திரத்தைக் கண்டுகூட அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. குற்றத்தில் பங்கு கேட்பதிலும் அவளே முதலாவது.

"நான்தான் சேர். நான் கேக்கேல்லை."

சேர் தலையை மட்டும் ஆட்டினார். பின்னர் அவளிடம், "திங்கக்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடும்" என்றார்.

அச்சரக்கூட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட ஐயா என் மேசையருகே நின்றார். "உங்கடை மெசின் பொல்லாதது பிள்ளை. முதுகிலை ஒளிச்சதையும் காட்டிக் குடுத்துப்போட்டுது."

திங்கட்கிழமை காலை, கொழும்பு ரயில் எங்கள் மதிலுக்கு அப்பால் அதிர்ந்துகொண்டு போனது. அவள் அதில் இருந்தாள். நான் மேசைக்கு முன் நின்ற ஓர் அம்மாவிடம், "கழுத்திலை, முதுகிலை ஏதும் கட்டியிருக்கிறியளோ?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் ரயில் இரைச்சலில் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் கடந்துபோகும்வரை காத்திருந்து, மறுபடியும் கேட்டேன்.