நான் பறித்த கீரை

அம்மாவுக்கு இடது கண் ஒரே நாளில் போயிற்று. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள், பாதிப் பார்வை கறுத்துவிட்டது என்று கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவளுக்கு எதிராகத் திரும்பி ரத்தத்தை உறையவைக்கிறது, அந்தக் கட்டி கண்ணின் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்றார் சேலத்து டாக்டர். மற்றக் கண்ணைக் காப்பாற்ற, உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு டாக்டரைவிட டீச்சர்மேல்தான் நம்பிக்கை. கீரை தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று டீச்சர் சொல்லியிருந்தாரே! பள்ளிக்கூடம் விட்டதும் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து மணத்தக்காளி, பண்ணைக்கீரை என்று அகப்பட்டதையெல்லாம் பாவாடை நிறைய அள்ளிவருவேன். இருக்கிற கண்ணும் போனால் அம்மாவுக்கு என் முகமே தெரியாமல் போய்விடும் என்று அப்படியொரு பயம்.

“ஏஞ்சாமி, தெனமும் கீரையா? நான் என்ன வெள்ளாடா?” என்பாள்.

அவள் தின்னாவிட்டால் நானும் சோறு தொடமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணுவேன். சிரித்துக்கொண்டே தின்பாள்.

அடுத்த மாதம் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், “மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்றார்.

“ஒரு நாளும் தவறலீங்க.”

“அப்ப கீரை ஏதாவது நெறைய சாப்பிடறீங்களா? திடீர்னு கீரையக் கூட்டினா இந்த மாத்திரை வேலை செய்யாதும்மா. இன்னொரு கண்ணும் அடைச்சுக்கும்.”

கீரை என்றதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அடேயப்பா, மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் என்று சொல்ல எழுந்தேவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஆமாங்க. நாந்தானுங்க ஆசப்பட்டுப் பறிச்சுத் தின்னுபோட்டேன்.”

டாக்டர் என்னென்னவோ சொல்லிக் கடிந்துகொண்டார். பொய் சொன்னதற்குத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மலையேறிய பஸ்ஸில் இருபது கொண்டையூசி வளைவும் தாண்டும்வரை அவளிடம் பேசவில்லை. பெற்ற தாய் இப்படியா பொய் சொல்வாள்? ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கியபோதும் விசும்பிக்கொண்டிருந்தேன். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

நல்லவேளை, மற்றக் கண் தப்பியது. இன்றும் அந்த ஒரு கண்ணால்தான் என்னைப் பார்க்கிறாள்.

அன்று வீட்டில் அப்பா, “யாரு இத்தன கீரையக் குடுத்தது?” என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “நாந்தானுங்க” என்றுவிட்டாள். ஒரே நாளில் இரண்டாம் தடவையாக எனக்கு வரவேண்டிய நல்ல பேரை அவள் தட்டிப் பறித்துக்கொண்டாள் என்று, அன்று அவளுக்கு முதுகைக் காட்டியே படுத்தேன்.