ஒற்றைச் செருப்போடு அம்மா

அம்மாவின் கால் எரிச்சல் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்மலில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் குரோம்பேட்டை டாக்டரிடம் போவதென்றால் ஜன்னல் சீட்டும் ரோஸ் மில்க்கும் சேர்ந்த திருவிழா.

அம்மா வீட்டில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்தாள். இரண்டு வருடமாக அவளுக்குப் பாதம் எரியும். எரிகிற அதே பாதம் மரத்தும் போகும். மிஷினை மிதிக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை என்பாள். சர்க்கரை இல்லை. டாக்டர் தலை நிமிராமல் சத்து மாத்திரை எழுதுவார். "மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா. நல்லா தூங்குங்க, சரியாயிடும்."

முழுப் பரீட்சை லீவில் ஒருநாள், கூட்டத்தில் இடிபட்டு ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கினோம். நாலு கடை தாண்டியதும்தான் பார்த்தேன். அம்மாவின் இடது காலில் செருப்பு இல்லை! அது பஸ்ஸோடு போயிருந்தது. தார் இளகும் வெயில். செருப்பு போட்ட எனக்கே சுட்டது. அம்மாவோ முகம்கூடச் சுளிக்காமல் நடந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அம்மாவுக்கு ஏதோ சக்தி வந்துவிட்டது! எவ்வளவு தூரம் போகிறாள் பார்ப்போம் என்று வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே குதித்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வாசலில் அம்மா பழக்கத்தில் இரண்டு காலையும் உதறினாள். ஒரு செருப்புதான் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அம்மா சொல்லி முடிக்கும் முன்பே டாக்டரின் பேனா ஓட ஆரம்பித்தது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சார்! எங்கம்மா ஒரு கால்ல செருப்பே இல்லாம ரோட்டுல நடந்து வந்தாங்க சார்! அவங்களுக்கே தெரியாது!"

பேனா நின்றது.

"இன்னாடி சொல்ற?" என்று அம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளங்கள்.

டாக்டர் முதல்முறையாக எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியால் விரல் விரலாகத் தொட்டார்.

"இப்ப?"

"தெரியல சார்."

"இங்க?"

"தெரியல."

ஒவ்வொரு 'தெரியல'வுக்கும் நான் கை தட்டினேன்.

பாதத்தில் கட்டுப் போட்டு, நரம்பு டாக்டருக்கு லெட்டர் எழுதினார். பிறகு அங்கே நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. எரிச்சல் குறைந்தது. மரத்த விரல்கள் மட்டும் அப்படியே இருந்துவிட்டன.

அன்று லெட்டரைக் கொடுக்கும்போது, "கெட்டிக்காரப் பொண்ணும்மா. இவ சொல்லலேன்னா தெரிஞ்சே இருக்காது" என்று டாக்டர் என் கன்னத்தைத் தட்டினார். என் கால் தரையில் பாவவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மா கட்டுப் போட்ட பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு வருஷமா நானும் இதைத்தானேடி சொல்லிகினு இருந்தேன்" என்றாள்.

"நீ இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.